எந்தத் தண்ணி

போன மாதம் சுங்கைப் பட்டாணிக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போயிருந்தேன். தாதி சின்னப் பெண். படிவத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆன்ட்டி, தண்ணி நல்லா குடிப்பீங்களா?" என்றாள். அந்தப் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது என்று விறைப்பாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "வெறும் தண்ணிதான்லா, ஆன்ட்டி." நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே அந்தச் சிரிப்பு போய்விட்டது.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் சிடாம் கிரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அங்கே காலையில் குழாயில் வருவது தண்ணி. வேலை முடிந்து ஆண்கள் போடும் சம்சுச் சாராயமும் தண்ணி. மருந்தடிக்கும் பெண்கள் புல்லைக் கொல்லும் விஷத்தை வாளியில் கலக்கும்போதும், தண்ணி கலக்கியாச்சா என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். எது எந்தத் தண்ணி என்று பேச்சிலேயே தெரிந்துவிடும் என நினைத்திருந்தோம்.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் உதவியாள். வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் பாதி டாக்டர் என்ற நினைப்பு வேறு. ஒரு மத்தியானம், வைத்தியம் பார்க்கும் டிரசர் வெளியே போயிருந்தார். மருந்தடிக்கும் அஞ்சலை சன்னலில் வந்து நின்றாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு தண்ணி குடிச்சிட்டாரு. வாந்தியா எடுக்கிறாரு."

அவள் புருஷன் முனியாண்டி போதையில் விழுந்து, நானே எத்தனையோ தடவை மண்டையில் கட்டுப் போட்டிருக்கிறேன். மோரைக் கொடுத்துப் படுக்கவை என்றேன். "அது வந்துக்கா..." என்று இழுத்தாள். எனக்குச் சாப்பாட்டு நேரம். சன்னலைச் சாத்தினேன்.

மறுநாள் காலை மறுபடி வந்தாள். "வாயெல்லாம் வெந்து கெடக்குக்கா."

எந்தத் தண்ணி என்று அப்போதுதான் கேட்டேன். வீட்டுப் பின்னால் மண்டிய லாலான் புல்லுக்கு அடிக்க, மிஞ்சிய மருந்தைச் சம்சு போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். சம்சு என்று நினைத்து அவன் ஒரு வாய் குடித்துவிட்டான். மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோனது தெரிந்தால் வேலை போய்விடும்.

லோரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எட்டு நாள் கிடந்தான். கடைசிவரை நினைவு இருந்தது, மூச்சுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனது. முந்தின நாளே வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

தோட்டத்து மேனேஜர் துரை எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். ஆஸ்பத்திரிக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். "மறுநாள் காலையிலதான் சார்," என்றேன். பக்கத்தில் நின்ற அஞ்சலை ஆமாம் என்று தலையாட்டினாள். போத்தல் வீட்டுக்கு எப்படி வந்தது என்று அவளைக் கேட்டார். தெரியாது என்றாள். நான் தரையைப் பார்த்தேன். வெளியே வந்ததும் ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம்.

அடுத்த வருடமே அவள் பிள்ளைகளோடு செர்டாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். பல வருடம் கழித்து ஒரு தடவை பஸ் நிலையத்தில் பார்த்தேன். என் பிள்ளைகளை விசாரித்தாள். அந்த மத்தியானத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "விடுங்கக்கா," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. ரப்பரை வெட்டி, வரிசை வீடுகளாகத் தாமான் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். டிரசர் போய்விட்டார், துரை போய்விட்டார், அஞ்சலையும் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்வி. அவள் மத்தியானமே வந்தாள், நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று சொல்ல எனக்கு இன்றைக்குப் பயமில்லை. கேட்க வேண்டியவர்களில் ஒருவரும் இல்லை.