கெட்டில் கிரீக்கின் இரவல் சருகு

கெட்டில் கிரீக்கில் தங்கம் தீர்ந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. செய்தி இன்னும் எட்டாதவர் மெர்வின் பாஸ்கோ ஒருவர்தான். முப்பது வருடம் ஊர்ச் சபைக்கு ரோடு ரோலர் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது இலைத் திருவிழாக் குழுத் தலைவர். வேறு யாரும் போட்டியிடாததை ‘ஏகமனதாக’ என்று சொல்லிக்கொள்வார்.

தங்கம் தோண்ட வந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து இந்த மலையை மொட்டையடித்து அடுப்பெரித்தார்கள். பிறகு சொந்த ஊர் ஏக்கம் வந்து, அங்கே இலையுதிர்காலத்தில் பொன்னாகப் பழுக்கும் எல்ம் மரங்களை நட்டார்கள். அந்த ஏக்கம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. இங்கே ஏப்ரல்தான் இலையுதிர்காலம்; இலை பழுக்கும், மெல்போர்னிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வரும், ஊரே ஸ்கோன் ரொட்டி சுடும்.

போன வருடம் வெயில் விடவில்லை. ஈஸ்டருக்கும் மரங்கள் கீரைக்கட்டு மாதிரி நின்றன. பேருந்துக் கம்பெனியின் கிளெனிஸ் அம்மாள், சனிக்கிழமை முதல் வண்டியில் தானே வருவதாகவும், திருப்தியில்லை என்றால் இனி வேறு ஊருக்குத்தான் வண்டி என்றும் எழுதிவிட்டாள். மெர்வினுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

பாஸ்கோ குடும்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. கொள்ளுத்தாத்தா தன் வெறுங்குழிக்குள் துப்பாக்கியால் தங்கத்தூளைச் சுட்டு, சுவரை மின்னவைத்து, ஒரு பணக்காரர் தலையில் கட்டியவர். மற்ற வீடுகளில் இதை மறைப்பார்கள். இங்கே அவர் படத்துக்குக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மெர்வின் தன் பிக்கப் வண்டியோடு என் வாசலுக்கு வந்தார். நான் பதினான்கு வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரன். மலையில் இன்னும் மேலே இருக்கும் ஹாரோ கேப் குளிர்ந்த ஊர். மேப்பிள் மரங்கள் அங்கே முழுக்கச் சிவந்துவிட்டன. அங்கே போய் நாற்பது கோணி சருகு அள்ளினோம். குடியுரிமை கிடைத்து ஒன்பது வருடமாகியும், சருகு கடத்தினால் அதைப் பறிப்பார்களா என்று யோசித்தபடியே நான் கோணியின் வாயைப் பிடித்தேன்.

மாலையில் பெரிய தெரு முழுக்கத் தூவினோம். அவர் மனைவி நோரீன் வாசலில் நின்று பார்த்தாள்.

“எல்ம் மரத்தடியில மேப்பிள் இலையா? தத்து எடுத்துக்கிச்சா?” என்றாள். “உன் கொள்ளுத்தாத்தா தங்கத்தைத் தூவுனாரு, நீ சருகைத் தூவுற. வம்சம் இப்படியா தேயணும், மெர்வ்?”

சனிக்கிழமை வந்தவர்களில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சருகில் படுத்தார்கள், வாரி வாரி வீசினார்கள், படம் எடுத்துக்கொண்டு ஸ்கோனுக்குப் போனார்கள். கிளெனிஸ் அம்மாளும் குனிந்து ஓர் இலையை எடுத்து, இப்படியொரு சிவப்பைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். மெர்வின் நன்றி சொல்லி நகர்ந்திருந்தால் முடிந்தது. ஆனால் பாராட்டைக் கேட்டால் அவருக்கு வாய் நிற்காது.

“இது என்னங்க சிவப்பு? ஹாரோ கேப்ல போய்ப் பாருங்க, முழங்கால் வரைக்கும் கெடக்கு. நாப்பது மூட்டை அள்ளியும் அள்ளுன எடமே தெரியல.”

கிளெனிஸ் அம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தாள். மேலே பச்சை. இலையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று நோரீன் எனக்குக் கதையின் மறுபாதியைச் சொன்னாள். குழியை விற்ற கையோடு கொள்ளுத்தாத்தா மதுக்கடைக்குப் போய், ஏமாற்றிய விதத்தை வாங்கியவரின் தம்பிக்கே விளக்கினாராம். நாலு வருடம் உள்ளே.

இந்த வருடம் பேருந்துகள் ஹாரோ கேப் போகின்றன. எங்கள் எல்ம்களோ காலம் தவறாமல் பொன்னாகப் பழுத்துக் கொட்டுகின்றன. பார்க்க ஆளில்லை, கூரையோரத் தகரக் குழாயில் சருகு அடைத்துத் தண்ணீர் நிற்கிறது. நேற்று மெர்வின் கோணிகளோடு வந்தார். ஹாரோ கேப்பில் பெருங்காற்றடித்து மரமெல்லாம் மொட்டையாகி, விழுந்த சருகும் பறந்துபோய்விட்டதாம். அந்த ஊர்த் திருவிழாக் குழு அவரிடம் சருகு கேட்டிருக்கிறதாம். முகமெல்லாம் பெருமை. நான் கோணியின் வாயைப் பிடித்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நோரீன் சொன்னாள்:

“கொட்டிட்டு நேரா வீட்டுக்கு வா. யார்கிட்டயும் நின்னு பேசாத.”