சாமி படம் ஒட்டாத சுவர்

திண்டுக்கல் சந்தைக்குப் பின்னால் சும்மா கிடந்த மனையில், கல்லூரிப் பிள்ளைகள் ஆறு மாத அனுமதி வாங்கிக் கீரை போட்டிருந்தார்கள். இருபத்திரண்டு பழைய பெயிண்ட் வாளிகள் நிறையக் கீரை. மறுநாள்தான் முதல் அறுப்பு.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. சுவரோர வாளியின் முன் நின்று நிதானமாக மூத்திரம் பெய்துகொண்டிருந்தார்.

தண்ணீர் ஊற்ற வந்த பெண் பதறினாள். “ஐயோ சார், அது சாப்பிடுற கீரை!”

“இருபது வருசமா தெனம் இங்கதாம்மா போறேன். வேணாம்னா செவத்துல ஒரு சாமி படம் ஒட்டியிருக்கணும்.”

“ஒட்டினா மட்டும் போக மாட்டீகளா?”

“சாமி மேலயா? பாவம்ல!” அந்தக் கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு என்னிடம் வந்தார். “இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு பக்தியே இல்ல, பாத்தீகளா?” என்று கையை நீட்டினார். நான் அதைப் பிடித்துக் குலுக்கினேன்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் ஒரே மாதிரி பார்த்தாள். அவர் இதுவரை எந்தெந்த வாளியை நனைத்தார் என்று யாருக்குத் தெரியும்? இருபத்திரண்டிலும் இருந்த கீரையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

வீட்டில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அன்று மதியச் சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிட முடிந்தது.