வெறும் வீட்டுக் கிணற்றில் சாயம்

எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில், தீவுப்பக்கத்திலிருந்து சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த வருடம் அது. மதிலோரம் கல்லை உடைத்துக் கக்கூசுக்குக் குழி வெட்டியிருந்தார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கிணறு. அவர்களும் அதில்தான் அள்ளினார்கள்.

சில நாளில் அங்கே ஒரு குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டது. பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் குழியையும் கிணற்றையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இது முழுக்கச் சுண்ணாம்புக்கல். உள்ளுக்கை பொந்து பொந்தாப் போகும். குழிக்கை சாயம் ஊத்தினால் எங்கை வருதெண்டு தெரியும். இப்ப சாயத்துக்கு எங்கை போறது?"

குழியை வெட்டியவர் அவர்களுக்குள் கொத்து வேலை செய்த ஒரு மேசன். அவரிடம் போய், அதை வேறிடத்துக்கு மாற்றலாமா என்று நிலத்தைப் பார்த்தபடி கேட்டேன்.

"என்ன தங்கச்சி, எங்கடை கக்கூசு எழும்பி உங்கடை கிணத்துக்கு நடந்து வருமோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

குழந்தையின் தாயிடம் மட்டும், எங்கள் குறுகிய ஒழுங்கையின் முடிவில் உள்ள வெறும் வீட்டுக் கிணற்றில் அள்ளச் சொன்னேன். அந்த வீட்டார் கொழும்புக்குப் போய் நெடுநாள். ஆளில்லாத வளவில் அழுக்கு ஏது என்பது என் எண்ணம்.

நான் ஓலைப்பெட்டி இழைப்பவள். ஓலைக்குப் போடும் சிவப்புச் சாயம் ஒரு தகரப் பேணி நிறைய மிச்சம் இருந்தது. ஒரு மத்தியானம், எல்லோரும் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றபோது, அதை வாளியில் கரைத்துக் குழிக்குள் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை.

காலையும் மாலையும் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஆனால் குழந்தை தேறவில்லை. தாயின் தோளில் நனைந்த துணிபோலக் கிடந்தது.

நாலாம் நாள் ஒழுங்கை முடிவில் அலறல் கேட்டது. வெறும் வீட்டுக் கிணற்றடியில் அந்தத் தாய் நின்றாள். அவள் அள்ளிய வாளியில் தண்ணீர் சிவந்திருந்தது.

"ரத்தம்! உள்ளுக்கை ஆரையோ போட்டிருக்கிறாங்கள்!" என்றார் ஒருவர். அந்த நாட்களில் அப்படி நினைக்க யாருக்கும் நேரம் எடுக்கவில்லை. பூட்டிய வீட்டின் யன்னல்களைப் பார்க்க எல்லோருமே பயந்தார்கள்.

மேசன் போட்டிருந்த சேட்டைக் கழற்றினார். "கயிறு தாங்கோ. இறங்கிப் பாக்கிறன்."

தாய் என்னைப் பார்த்தாள். "நீங்கள்தானே அக்கா இஞ்சை அள்ளச் சொன்னியள்?"

சேலைக்குள் ஒளித்திருந்த கைகளை வெளியே எடுத்தேன். நாலு நாள் தேய்த்தும் சாயம் போயிருக்கவில்லை.

"இறங்காதேங்கோ அண்ணை. அது ரத்தமில்லை. உங்கடை குழிக்கை நான் ஊத்தின சாயம்."

மேசன் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப பிள்ளை இவ்வளவு நாளும் குடிச்சது எங்கடை குழித் தண்ணியோ?" என்றார்.

குழந்தையை உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அது தப்பியது. மேசன் அன்றே குழியை மூடினார். வயல் களிமண் ஏற்றி வந்து, அடியும் பக்கமும் மெழுகி, நிலத்துக்கு மேலே உயர்த்தி வேறொன்று கட்டினார். அது நிரம்ப நிரம்ப வண்டியில் ஏற்றித் தூரத்துத் தரவை வெளிக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

அதன்பின் குழந்தையின் தாயும் எங்கள் கிணற்றிலேயே அள்ளினாள். மாரி மழை தொடங்கி மூன்றாம் நாள் எங்கள் கிணற்றில் அள்ளினேன். வாளித் தண்ணீர் மெல்லிய றோசா நிறத்தில் இருந்தது. இத்தனை மாதமும் அந்தச் சாயம் எங்கள் வீட்டுக்குக் கீழே எங்கோ நின்றிருக்கிறது.

அந்த வாளியோடேயே வீதியைக் கடந்து பள்ளிக்கூடத்துக்குள் போனேன். "இனி எங்கடை கிணத்திலையும் அள்ளாதேங்கோ!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டேன்.