மண்டபம் ஸ்டேஷனில் வாய் திறந்தேன்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடி மாதத்தில், மண்டபம் ரயில் ஸ்டேஷனில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் பயம் வருகிறது. கூடவே சிரிப்பும் வருகிறது.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில். கதிர்காமத்து முருகனைப் பார்க்க இலங்கைக்குப் போவதென்று வீட்டில் முடிவாயிற்று. நான், என் கணவர், அவருடைய அண்ணன், நான் அக்கா என்று கூப்பிடும் அண்ணன் மனைவி, ஒரு வயது நிரம்பிய எங்கள் பெண் குழந்தை. வழிகாட்டுவதற்குப் பக்கத்து ஊர்ப் புகையிலை வியாபாரி ஒருவரும் வந்தார். கொழும்புக்குப் போய்வந்து பழகியவர். சங்ககிரியில் ரயில் ஏறி, ஈரோட்டிலும் திருச்சியிலும் வண்டி மாறி, கடலைக் கப்பலில் தாண்டி, அக்கரையில் மறுபடியும் ரயில் ஏற வேண்டும். பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் விரல் வைத்துக் காட்டிய இடங்களுக்கு நானே போகப் போகிறேன் என்ற சந்தோஷத்தில் எனக்குக் கிளம்பும் வரை சோறு இறங்கவில்லை.

பயமும் இல்லாமல் இல்லை. மாரியம்மன் நோன்புக்கு ஊரில் கோயில் முன்னால் கம்பம் நட்டாகியிருந்தது. கம்பம் நட்ட பிறகு ஊர் எல்லை தாண்டிப் போய்த் தங்குவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆனால் பயண ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது. மாமியார் பூசாரியைக் கேட்டு, மஞ்சள் துணியில் வேப்பிலையை முடிந்து குழந்தையின் கையில் காப்பாகக் கட்டிவிட்டார். எனக்கு அதுவும் போதவில்லை. குழந்தையைச் சுற்றிய துணியில் ஒரு வேப்பங்கொத்தையும் செருகிக்கொண்டேன்.

கணவரின் அண்ணனை மாமா என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்கிறேனே தவிர, கல்யாணமான நாள் முதல் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வருகிற பக்கம் நிற்க மாட்டேன். அவர் உட்கார்ந்திருக்கும்போது சமமாக உட்கார மாட்டேன். ரயிலிலும் அப்படியே. அவர் இருக்கைப் பலகையில் உட்கார்ந்தார். அக்காவும் நானும் கீழே ஜமுக்காளம் விரித்துக்கொண்டோம். என் கணவரும் வியாபாரியும் வாசல் பக்கம் மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். குழந்தை மட்டும் மாமாவுக்குச் செல்லம். "கண்ணு எங்கூடப் படுத்துக்கட்டும்" என்று பலகையில் தம் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டார்.

விடிந்ததும் குழந்தையைத் தூக்கினேன். கையிலும் காலிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள். அம்மையாக இருக்குமோ? காற்றுப் பட்டுத் தடிப்பு அதிகமாகிவிடுமோ என்று கம்பளியால் நன்றாகச் சுற்றி மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். அதே சமயம் மாமா சன்னல் கம்பியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க அது, எருமை மரத்துல ஒரசறாப்பல?" என்றார் அக்கா.

"வேர்க்குரு. சும்மா இரு."

மண்டபத்தில், கப்பலுக்குப் போகிறவர்களை இறக்கி டாக்டர் பார்ப்பார். தொற்று வியாதி இருந்தால் அங்கேயே முகாமில் நிறுத்திவிடுவார்கள். "சீக்குன்னா உள்ள தள்ளிருவாங்க அம்மிணி. அப்பறம் கப்பலப் பாத்துக் கை காட்ட வேண்டியதுதான்" என்று வியாபாரி வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அது வேடிக்கையாக இல்லை.

எங்கள் முறை வந்தது. டாக்டர் கம்பளியை விலக்கினார். தடிப்பைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். கைக்காப்பைப் பார்த்தார். நெற்றியைத் தொட்டவர் சட்டென்று ஓர் அடி பின்னால் போனார்.

"உங்கள் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருக்கிறதா?"

அக்கா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "அப்படிக் கேக்காதீங்க சாமி. ஆத்தா எங்கூட்டுக்கு வந்தா அது பாக்கியமுங்க. நல்லபடியா எறங்கிப் போயிருவா."

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அம்மையாக வரும் ஆத்தாளை வர வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். அது டாக்டருக்கு எப்படித் தெரியும்? "தாயும் பிள்ளையும் இங்கே இருக்கட்டும். மற்றவர்கள் போகலாம்" என்றுவிட்டார்.

என் கணவர், "அண்ணா..." என்று இழுத்தார். மாமா தலை குனிந்து, "உட்டுட்டுப் போறதாவது? எல்லாரும் ஊட்டுக்குத் திரும்பீரலாம்" என்றார். எத்தனை வருஷமாக அவர் நினைத்திருந்த யாத்திரை அது!

நிஜமாகவே அம்மையாக இருந்தால்? நான் ஏதாவது சொல்லப்போய், கப்பலில் குழந்தைக்கு அதிகமானால்? அப்படி நினைக்கும்போதே மாமா குனிந்த கழுத்தில் என் கண் பட்டது. சட்டைக்கு மேலே அதே சிவப்புத் தடிப்புகள். கீழே இருந்த எங்களுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பலகையில் படுத்தது இவரும் குழந்தையும்தான்.

"டாக்டர், எங்க மாமா முதுகைப் பாருங்க!"

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவர் வானத்தைப் பார்த்தார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றினார். முதுகு முழுக்க வரிசை வரிசையாகத் தடிப்புகள்.

வியாபாரிதான் முதலில் சிரித்தார். "மூட்டைப்பூச்சிங்க! பெரியவரு ஒடம்புல விருந்தே நடந்திருக்குதாட்ட இருக்குது!"

டாக்டரும் சிரித்துவிட்டார். ஆனாலும் உடனே விடவில்லை. குழந்தையின் தோளில் அம்மை குத்திய தழும்பைப் பார்த்தார். கம்பளியை எடுத்துவிட்டு நிழலில் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து உஷ்ணம் பார்த்தபோது காய்ச்சல் இல்லை. "இப்படிச் சுற்றி வைத்தால் எனக்கே உடம்பு கொதிக்கும் அம்மா. போய் வாருங்கள்" என்றார்.

பாம்பன் பாலத்தில் வண்டி ஏறியது. ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! இரண்டு பக்கமும் கடல், கீழேயும் கடல். குழந்தை அலையைப் பார்த்துக் கை தட்டியது. நானும் தட்டியிருப்பேன், வெட்கம்தான். பிறகு கப்பல். பிறகு அக்கரை மண். அங்கே ரயிலில் ஏறி வழக்கம்போல ஜமுக்காளத்தை விரிக்கப் போனேன்.

"அம்மிணி, கீழ ஒக்காராத" என்றார் மாமா, என்னைப் பார்த்தே. "ரெண்டு பேரும் மேல ஏறி ஒக்காருங்க. பூச்சி கடிச்சா எல்லாரையும் சேந்து கடிக்கட்டும்."

அக்கா சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

கதிர்காமத்தில் நல்ல தரிசனம். ஊர் திரும்பிய பிறகும் நான் பழைய பயந்தாங்கொள்ளிதான். குழந்தை ஒரு தும்மல் போட்டால் பத்து முறை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் அவளுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டி வரும்போது, எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்த்து நான் வாயை மூடிக்கொள்வதில்லை.