உடும்புக் குழுவின் பத்தாவது ஆள்

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் லோகேஸ்வரிக்கு நாற்பத்தாறு வயது. காலையில் தோட்டத்துப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவாள், மதியம் திரும்ப ஏற்றி வருவாள். ஓய்வு கிடைத்தால் மற்றவர்கள் தூங்குவார்கள். அவள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரத்துக்குப் பின்னால் பதுங்கியிருப்பாள்.

பெயிண்ட்பால்தான். துப்பாக்கியிலிருந்து சாய உருண்டை பறக்கும். பட்டால் சுள்ளென்று வலிக்கும், சட்டை நிறம் மாறும், பட்டவர் வெளியே போக வேண்டும். புக்கிட் பெருந்துங்கிலுள்ள தொழிற்சாலை ஒன்றின் குடும்ப நாளுக்கு ஆள் ஏற்றிப் போனபோது, அங்கே நடந்த இந்த ஆட்டத்தை வேடிக்கை பார்த்து நின்றவளை யாரோ உள்ளே இழுத்துவிட்டார்கள். பிள்ளையைப் பெற்ற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியே பழகியவளுக்கு அந்த மாஸ்க்குக்குள் பெரிய விடுதலை இருந்தது. ஒரே வருடத்தில் 'உடும்புகள்' என்று சொந்தக் குழுவே சேர்த்துவிட்டாள்.

அவள் கணவன் தனபாலன், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன், தலையில் அடித்துக்கொண்டான். "இந்த வயசுல என்னா சண்டை? ஊரே சிரிக்குது லா."

"சிரிக்கட்டும்ங்க. நல்லதுதானே."

இந்தப் பள்ளி விடுமுறையில் பக்கத்துத் தோட்டத்தில் மூன்று நாள் பெரிய ஆட்டம் என்று அறிவித்தார்கள். நாடு முழுவதிலிருந்தும் குழுக்கள் வரும், அங்கேயே கூடாரம். குழுவுக்குப் பத்துப் பேர் கட்டாயம். இராணுவ உடை போன்ற துணி கூடாது என்றார்கள். லோகேஸ்வரி பச்சையில் மஞ்சள் இலை போட்ட ஜன்னல் திரைத் துணியை வாங்கி வந்து தானே பத்துச் சட்டை தைத்தாள். போட்டுப் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் மரங்களுக்கு நடுவே போனதும் ஆள் தெரியவில்லை.

குழுவில் குறி தவறாதவள் நித்தியா, கிளினிக்கில் தாதி. ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பயிற்சிக்கு மாஸ்க் இல்லாமல் வந்து நின்றாள்.

"அக்கா, என்னால ஓட முடியாது."

"ஏம்மா, கால்ல அடியா?"

"இல்லக்கா..." அவள் முகம் சிவந்தது. "ரெண்டு மாசம்."

கல்யாணமாகி எட்டு வருடம் காத்திருந்தவள். லோகேஸ்வரி துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். எல்லாரும் கத்திய கத்தலில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் மிரண்டு ஓடின. ஆரவாரம் அடங்கிய பிறகுதான் குழுவில் ஒருவனான சசிகுமார் மெல்லச் சொன்னான், "அப்ப நாம ஒன்பது பேருதான் லா."

நித்தியா கண்கலங்கினாள். "என்னாலதான் எல்லாம்..."

"சும்மா இரு. உடும்பு குட்டி போடுது, இதைவிட என்னா வேணும்?"

"அக்கா, உடும்பு முட்டைதான் போடும்," என்றான் சசிகுமார்.

லோகேஸ்வரி தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருவருக்கு வேலை, இன்னொருவருக்குப் பயம். மறுநாள் சாயங்காலம் தனபாலன் குளித்துவிட்டு வந்தபோது, அவள் மிஞ்சிய சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"அது எனக்குப் பத்துமா?"

"பத்தாது."

"பிரிச்சுத் தைக்க முடியாதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உடனே தையல் இயந்திரத்தின் மூடியைத் திறந்தாள்.

மறுநாளிலிருந்து நித்தியா நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். "அண்ணே, கண்ணை மூடாதீங்க! குனிங்க! இன்னும் குனிங்க!" தனபாலனோ சத்தம் கேட்டாலே துள்ளினான். பயம் போகட்டும் என்று லோகேஸ்வரி குறிவைத்து அவன் தொடையில் ஒன்று விட்டாள்.

"ஐயோ, ஆத்தா!" குதித்தவன் நீலச் சாயத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு சிரித்தான். "இவ்வளவுதானா? குலை முள்ளு இதைவிட மோசமா குத்தும்."

முதல் நாள் ஆட்டத்தில் உடும்புகள் நன்றாக அடிவாங்கினார்கள். இரண்டாம் நாள் மழை கொட்டியது. ஓடையின் மரப்பாலத்தை விசில் ஊதும்வரை காக்க வேண்டும். ஜோகூர் மாநிலக் குழு அலையலையாக வந்தது. தனபாலன் விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால், சேற்றில் குப்புறப் படுத்தான். சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் எழுகிற மனிதன், அன்று அசையவே இல்லை. லோகேஸ்வரி வலப்பக்கம் ஓடி எதிரிகளைத் திருப்ப, அவன் ஒவ்வொருவராகச் சாயம் பூசினான். விசில் ஒலித்தது. பாலம் அவர்களுடையது.

எழுந்து கையை உயர்த்தியவனை, கடைக்கண்ணில் அசைவு கண்டு திரும்பிய மனைவியே நெஞ்சில் சுட்டுவிட்டாள். எதிர்க்குழுவும் சேர்ந்து கைதட்டியது.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. ஐந்தாவது இடம். கோப்பை இல்லை, யாரும் கவலைப்படவும் இல்லை. சேறு காய்ந்த முகத்தோடு தனபாலன் ஏற்பாட்டாளரைத் தேடிப்போய், அடுத்த ஆட்டம் எந்த ஊரில் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.