சீக்கிரம் சொன்ன சாட்சி

இடது காலிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தைச் சபை வாசலின் சிமெண்டுத் தரையில் அழுத்தியபடி நிற்கிறார் பாஸ்டர். ஆராதனைக்கு இன்னும் அரை மணி இருக்கிறது. உள்ளே போகிறவர்களையெல்லாம் விசாரிக்கிறார். "பொண்ணுக்கு வேலை கிடைச்சுதா?" "மச்சான் வரலையா, இன்னும் தூக்கமா?" வாய் சிரிக்கிறது. கால் மட்டும் சிமெண்டை விட்டு எழும்பாது. குளிர்ச்சி பட்டால் எரிச்சல் ஐந்து நிமிடம் அடங்கும். அப்புறம் அந்த இடம் சூடாகிவிடும், ஓரடி தள்ளி நிற்க வேண்டும்.

முதுகில் அறுவை சிகிச்சை நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தையல் ஆறியது, நன்றாகத்தான் நடந்தார். மூன்றாம் மாதம் நரம்பு தன் வேலையைக் காட்டியது. வலி இடுப்பில் கிளம்பிப் பின்தொடை வழியாக இறங்கிக் கால் சுண்டுவிரலில் வந்து நிற்கும். போர்வை நுனி பட்டாலும் துள்ளுவார். "வெல்டிங் பொறி இருக்குல்ல, அது தோலுக்கு உள்பக்கமா விழுந்தா எப்படி இருக்கும்? அப்படி" என்றார். நான் தச்சன், வெல்டிங்குக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் புரிந்தது.

அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அறுவை சிகிச்சை முடிந்த ஆறாம் வாரமே மேடையேறிச் சாட்சி சொல்லிவிட்டார். "வலி போயே போச்சு. மாத்திரைய எல்லாம் தூக்கிக் குப்பையில போட்டேன்!" சபை எழுந்து நின்று கைதட்டியது. அன்றைக்கு அது உண்மைதான். பாதி வெந்ததை இறக்கிப் பரிமாறின மாதிரி ஓர் உண்மை. அதிலிருந்து ஜெப வரிசை நீண்டுவிட்டது. முதுகு பிடித்தவன், முட்டி வீங்கியவள், வேறு சபைக்காரர்கள்கூட வந்து நின்றார்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்து அவருக்குத் தினமும் மூன்று மாத்திரை. சபைக்காரர் ஒருவரின் மருந்துக்கடை அடுத்த தெருவிலேயே இருக்கிறது. ஆனால் பாஸ்டரம்மா இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கி வருவார். மாத்திரை நாக்கைத் தடிக்க வைக்கும். பிரசங்கத்தின் நடுவில் ஒரு சொல் தொலைந்துபோகும். கண்ணை மூடித் தேடுவார். சபை அதை ஜெபம் என்று நினைத்து "ஆமென்" போடும்.

பிரசங்க மேடைப் பெட்டிக்குள் கால் தூக்கி வைக்க ஒரு பலகை அடித்துத் தரச் சொன்னார். அதனால்தான் எனக்கு விஷயம் தெரியும்.

"முன்னாடியிருந்து பாத்தா தெரியக் கூடாது."

"யாருக்குப் பாஸ்டர்?"

"எல்லாருக்கும்தான்."

பாஸ்டரம்மா பக்கத்தில்தான் நின்றார். "சொல்லிடுங்களேன். அப்ப வலி இல்ல, இப்ப இருக்கு. இதுல என்ன பொய்?"

"அந்தச் சாட்சிய நம்பி எத்தனை பேர் வந்திருக்காங்க தெரியுமா?"

"வந்தவங்க உங்க முதுகையா கும்பிட வந்தாங்க? ஆம்பளைக்கு வலிக்குதுன்னு சொன்னா வானம் இடிஞ்சு விழுந்துடும் பாருங்க!"

பாஸ்டர் பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு ஜெப வரிசையில் முதல் ஆளாகத் தையல்காரர் வந்து நின்றார். வலிப்பு நோய்க்காரர், சாது. நெற்றியில் புதுக் கட்டு. அவர் சம்சாரம் முகமெல்லாம் பூரிப்பாகச் சொன்னாள்: "பாஸ்டர், இவருக்கு மாத்திரைய நிறுத்திட்டோம். பதினோரு நாளாச்சு. உங்க சாட்சி குடுத்த தைரியம்தான்."

தலைக்கு மேலே தூக்கிய பாஸ்டரின் கை பாதியில் நின்றது. "நெத்தியில என்னம்மா?"

"நேத்து வலிப்பு வந்து மிஷின் மேல விழுந்துட்டார். சோதனைதானே பாஸ்டர், தாங்கிக்குவோம்."

பாஸ்டர் இன்னொரு கையால் மைக்கை எடுத்தார். இந்தத் தடவை எந்தச் சொல்லும் தொலையவில்லை.

"என் முதுகு சரியாகல. சாட்சி சொன்னப்ப வலி இல்ல, அப்புறம் திரும்ப வந்துடுச்சு. நான் மறைச்சேன். காலையில மாத்திரை போட்டுட்டுத்தான் இங்க நிக்கிறேன். என்னை நம்பி மருந்தை நிறுத்தினவங்க இருந்தா, இப்பவே டாக்டர்கிட்ட போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

முன்வரிசையிலிருந்து சபை மூப்பர் ஒருவர் அரைகுறையாக எழுந்து, "பாஸ்டர், இதை நமக்குள்ள பேசிக்கலாமே. மைக்கை வைங்க" என்றார். பாஸ்டர் வைக்கவில்லை.

"அப்ப இவரு விழுந்தது?" என்றாள் தையல்காரர் சம்சாரம்.

"என்னாலதாம்மா."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஒருவன் கைப்பேசியைப் பார்த்தபடி போனான். முட்டி வீங்கிய அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினாள். கடைசியில் தையல்காரர் மட்டும் மிச்சம். குனிந்த தலை நிமிரவில்லை, கண் திறக்கவில்லை. ஜெபத்துக்காகக் காத்திருந்தார்.

பாஸ்டரின் இடது கால் வெடவெடவென்று ஆடியது. தூக்கிய கை மெல்ல இறங்கியது. அது தையல்காரரின் தலைக்குப் போகவில்லை, தோளைப் பிடித்தது. உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் கையில் இறங்கியது. தையல்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார். காலை அகட்டி வைத்து, ஊன்றி நின்றுகொண்டார்.