அக்கா உட்கார்ந்து பிடித்த பந்து

போன வாரம் தி.நகரில் மழைக்கு ஒதுங்கியது ஒரு விளையாட்டுச் சாமான் கடையில். கூடை நிறைய மஞ்சள் சாஃப்ட்பால். சும்மா ஒன்றை எடுத்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தாமாகப் போய்த் தையல் மேல் உட்கார்ந்தன. மோந்து பார்த்தேன். புதுத் தோல் வாசனை. எனக்கோ அந்தப் பந்தென்றால் மீன் வாசனை அடிக்க வேண்டும்.

காரணம் என் அக்கா. மந்தைவெளிச் சந்தையில் காலையிலிருந்து குத்துக்காலிட்டு மீன் ஆய்ந்துவிட்டு வருவாள். சாயங்காலம் பட்டினப்பாக்கம் மணலில் அதே மாதிரி உட்கார்ந்து, இடது கையில் கையுறை மாட்டி, நான் வீசுகிற பந்தைப் பிடிப்பாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மார்க் என்னவோ சுமார்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டா இல்லையென்றால் கல்லூரி இல்லை.

பந்தை உள்ளங்கையில் வைத்து நசுக்குவேன். எல்லாம் அவள் தலைக்கு மேலே போகும்.

“இன்னாடா, காக்கா அடிக்கிறியா? உயிர் நண்ட எப்டிப் புடிப்ப? விரல்லதான? அப்டிப் புடி. இடுப்பாண்ட வந்ததும் உட்டுடு.”

பத்து நாளில் பந்து சொன்ன பேச்சு கேட்டது. அவள் ஒரு விரல் காட்டினால் வேகம். இரண்டு காட்டினால் கீழே இறங்குகிற பந்து.

கோட்டாவுக்கு ஆள் எடுக்கிற தேர்வுக்கு முந்தின நாள் இரண்டு காட்டினாள். பக்கத்தில் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். உலகமே என்னைப் பார்ப்பதாக எனக்கு நினைப்பு. முழு வேகத்தில் மேலே விட்டேன். கையுறை கீழே காத்திருந்தது. சட்டென்று தூக்கின அவளுடைய வலது வெறுங்கைக் கட்டைவிரலில் பந்து பட்டது.

“ரெண்டு காட்னேன்ல?” என்றாள். அப்புறம், “அழுவாத. நாளிக்குக் கை நடுங்கும்.”

துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் சந்தைக்குப் போனாள். எனக்கு இடம் கிடைத்தது. அவள் விரல் கோணலாகவே சேர்ந்துவிட்டது. வஞ்சிரம் பிடியில் நிற்காமல் வழுக்கியது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்துக் கடைக்கு நகர்ந்தார்கள். இப்போது ஒரு துணிக்கடையில் தரை துடைக்கிறாள்.

நாங்கள் விளையாடின மணலில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. போகட்டும். அக்கா இருக்கிறாள், பேசுகிறாள், சோறு போடுகிறாள். அந்த மழை நாளில் வீட்டுக்குப் போனதும், “கொஞ்ச நேரம் பந்து போடட்டுமாக்கா?” என்று கேட்டேன்.

வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“எனுக்கு இன்னாடா தெரியும் அதெல்லாம்?”